காலிக் கூண்டைச் சுற்றிய அந்துப்பூச்சிகள்: வாசனை மொழியைத் துரத்திய ஏழை வாத்தியார் ஃபேபர்

கத்தரி வயலிலோ பருத்திக் காட்டிலோ, குச்சியில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் புனலையும் அதன் அடியில் நீளமான பையையும் பார்த்திருப்பீர்கள். இனக்கவர்ச்சிப் பொறி என்பார்கள். உள்ளே சின்னதாக ஒரு ரப்பர் துண்டு இருக்கும். அதிலிருந்து நம் மூக்குக்குத் தெரியாத ஒரு வாசனை கசியும். பெண் பூச்சி கூப்பிடுகிறது என்று நம்பி ஆண் பூச்சிகள் பறந்து வந்து பையில் விழும். அவ்வளவுதான் வேலை.

பூச்சியை அதன் வாசனையை வைத்தே பிடிக்கலாம் என்ற இந்த யோசனைக்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர், தெற்கு பிரான்ஸில் பள்ளி வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கிய ழான் ஹென்றி ஃபேபர். பெரிய ஆய்வகம் கிடையாது. பல்கலைக்கழக வேலை கிடையாது. வீட்டு ஜன்னல், கம்பி வலைக் கூண்டு, மணல் தட்டு ஆகியவைதான் அவருடைய கருவிகள். சரியான விடை அவர் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும் அதை முழுசாக நம்ப அவருக்கு மனசு வரவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி.

வெயிலைப் பார்ப்பது வாயா, கண்ணா?

ஃபேபர் பிறந்தது 1823 டிசம்பரில், செயிண்ட் லியோன் என்ற மலைக் கிராமத்தில். வீட்டில் வறுமை. அதனால் சின்ன வயதில் சில வருடங்கள் தாத்தா பாட்டியின் பண்ணையில் வளர்ந்தார்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு ஐந்து, ஆறு வயது இருக்கும். இந்த வெயில் நமக்கு எதன் வழியாகத் தெரிகிறது, வாய் வழியாகவா, கண் வழியாகவா என்று ஒரு சந்தேகம். வாயைத் திறந்து கண்ணை மூடினார், வெளிச்சம் போய்விட்டது. வாயை மூடிக் கண்ணைத் திறந்தார், வெளிச்சம் வந்துவிட்டது. மறுபடியும் செய்து பார்த்தார், அதே முடிவு. சாயங்காலம் வீட்டில் பெருமையாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு புலனாக மூடிப் பார்த்து விடை தேடும் இந்த வழியைத்தான் வயதான காலத்தில் அந்துப்பூச்சிகளிடமும் அவர் கையாண்டார்.

அப்பா ஊர் ஊராகப் போய் காபிக் கடை வைத்தார். எதுவும் ஓடவில்லை. ஒரு கட்டத்தில் பையன் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். ரயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். அவின்யோன் நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்த பிறகுதான் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

ஒரு மாதச் சம்பளம், ஒரு புத்தகம்

1842இல், 18 வயதில், கார்ப்பெந்த்ரா ஊரில் வாத்தியார் வேலை. வருடத்துக்கு 700 ஃபிராங்க் சம்பளம். பூச்சிகளைப் பற்றிய படம் போட்ட புத்தகம் ஒன்று கடையில் இருந்தது. விலை அவருடைய ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிட்டார். அந்த மாதம் எப்படிச் சமாளித்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்!

அடுத்து கோர்சிகா தீவில் இயற்பியல் ஆசிரியர். அங்கே வந்த மொகீன் தாந்தோன் என்ற தாவரவியலாளர், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நத்தையை அறுத்து உள்ளுறுப்புகளைக் காட்டினார். கணக்கை விடு, உயிர்களைப் பார் என்பது அவர் தந்த அறிவுரை. ஃபேபரின் வாழ்க்கை அங்கே திரும்பியது.

1853இல் அவின்யோனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். அந்தச் சமயத்தில் குளவிகளைப் பற்றி ஒரு புதிர் இருந்தது. ஒரு வகைக் குளவி வண்டுகளைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்காகக் குழியில் சேமிக்கும். பல நாளானாலும் அந்த வண்டுகள் அழுகுவதில்லை. கெடாமல் இருக்க குளவி ஏதோ மருந்து செலுத்துகிறது என்று பெரிய அறிஞர் ஒருவர் எழுதியிருந்தார். ஃபேபர் நேரில் உட்கார்ந்து பார்த்தார். வண்டு சாகவே இல்லை! நரம்பு மையத்தில் சரியாகக் கொட்டி, அசைய முடியாமல் செய்துவிடுகிறது குளவி. உயிரோடு இருப்பதால்தான் அழுகவில்லை. இந்த ஆய்வு 1855இல் வெளியானது. டார்வின்கூடத் தன் உயிரினங்களின் தோற்றம் நூலில் ஃபேபரின் கவனிக்கும் திறனைப் பாராட்டி எழுதினார். பரிணாமக் கொள்கையை ஃபேபர் கடைசிவரை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

1865இல் லூயி பாஸ்டர் அவர் வீட்டுக்கு வந்தார். பட்டுப்புழுக்களைத் தாக்கிய நோயை ஆராய அரசு அனுப்பியிருந்தது. ஆனால் பட்டுக்கூட்டையே அவர் அதுவரை பார்த்ததில்லை. அடிப்படையைக் காட்டியவர் ஃபேபர்.

சாயம் தந்த நம்பிக்கை, சாயம் தந்த அடி

புகழ் வந்தது, சம்பளம் மட்டும் உயரவில்லை. பல வருடங்களாக அதே 1,600 ஃபிராங்க். பல்கலைக்கழக வேலைக்குப் போவதென்றால் சொந்த வருமானம் வேண்டும். அதற்காக ஃபேபர் ஒரு வழி யோசித்தார். அந்தப் பகுதி முழுக்க மஞ்சிட்டி வகைச் செடி பயிராகும். அதன் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். சுத்தமான சாயத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடிக்க ஓய்வு நேரமெல்லாம் பல வருடங்கள் செலவழித்தார். வெற்றியும் கிடைத்தது.

கிடைத்த நேரத்தில், 1868–69இல், ஜெர்மன் வேதியியலாளர்கள் அதே சாயத்தை நிலக்கரித் தாரிலிருந்து செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். செடியின் மதிப்பு சரிந்தது. ஃபேபரின் உழைப்பும் அதோடு போயிற்று. இயற்கைப் பொருளின் மூலக்கூறைக் கண்டறிந்து, அதைச் செயற்கையாகச் செய்கிற அந்த வேதியியல்தான் பின்னாளில் அவருடைய கேள்விக்கே பதில் சொல்லப் போகிறது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அடுத்த அடி சீக்கிரமே வந்தது. அவின்யோனில் பொதுமக்களுக்காக இலவச மாலை வகுப்பு நடத்தினார். பெண்களும் வரலாம். பூக்களில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பாடம் எடுத்தார். பெண்பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா என்று மதவாதிகள் கொதித்தார்கள். 1870இல் வகுப்பும் போனது, குடியிருந்த வாடகை வீடும் போனது.

கையில் பணமில்லை. அப்போது அவின்யோனில் வாழ்ந்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், எந்தப் பத்திரமும் கேட்காமல் 3,000 ஃபிராங்க் கடன் கொடுத்தார். ஒராஞ்ச் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்த ஃபேபர், டஜன் கணக்கில் பள்ளிப் பாடப் புத்தகங்கள் எழுதி அந்தக் கடனை அடைத்தார். 1877இல் அவருடைய மகன் ஜூல் பதின்ம வயதிலேயே இறந்துபோனான். தன்னோடு பூச்சி தேடி அலைந்த பிள்ளை. சில குளவி இனங்களுக்கு அவன் பெயரை வைத்தார்.

தரிசு நிலமே ஆய்வகம்

1879இல், 55 வயதில், செரினியன் என்ற கிராமத்தில் ஒரு நிலம் வாங்கினார். கல்லும் முள்ளும் நிறைந்த இடம். அதற்கு ஆர்மாஸ் என்று பெயர். அந்த வட்டார மொழியில் தரிசு என்று அர்த்தம். விவசாயிக்கு உதவாத நிலம், குளவிக்கும் வண்டுக்கும் சொர்க்கம். சாகும்வரை அவர் அங்கேதான் இருந்தார். பூச்சியியல் நினைவுகள் என்ற அவருடைய 10 தொகுதி நூல் 1879 முதல் 1907 வரை வெளியானது.

முதல் மனைவி 1885இல் இறந்தார். 60 வயதைத் தாண்டிய பிறகு மறுமணம் செய்து மூன்று குழந்தைகள். அதில் ஒரு சுட்டிப் பையன், பால். மே 6ஆம் தேதி இரவு 9 மணிக்கு, பாதி உடுப்போடு அறையில் குதித்துக் குதித்து அப்பாவைக் கூப்பிட்டவன் அவன்தான். ஏனென்றால் வீட்டுக்குள் பறவை மாதிரி பெரிய பெரிய அந்துப்பூச்சிகள் பறந்துகொண்டிருந்தன.

எட்டு இரவு, 150 விருந்தாளிகள்

அன்று காலையில் ஒரு பெண் அந்துப்பூச்சி ஃபேபரின் மேசையில் கூட்டிலிருந்து வெளிவந்திருந்தது. பெரிய மயில் அந்துப்பூச்சி என்று பெயர். ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது. அதைக் கம்பி வலைக் கூண்டுக்குள் மூடி வைத்தார், அவ்வளவுதான். ராத்திரி சுமார் 40 ஆண் பூச்சிகள் வந்துவிட்டன. எட்டு இரவுகளில் மொத்தம் 150. அந்தப் பக்கத்தில் இந்த இனம் ரொம்ப அபூர்வம். அப்படியென்றால் எங்கிருந்தோ தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். இருட்டு, மரங்கள், சுவர்கள், எல்லாம் தாண்டி!

பெண் பூச்சியைக் கூண்டில் வைத்தால் ஆண்கள் வரும் என்பது பூச்சி சேகரிப்பவர்களுக்கு முன்பே தெரிந்த தந்திரம்தான். ஃபேபர் கேட்டது வேறு கேள்வி: எப்படித் தெரிகிறது? பார்த்தா, கேட்டா, முகர்ந்தா?

சின்ன வயது முறையையே எடுத்தார், ஒவ்வொன்றாக மூடு. எட்டு ஆண் பூச்சிகளின் உணர்கொம்புகளை வெட்டினார். அவற்றில் ஒன்றுதான் திரும்பி வந்தது. சரி, உணர்கொம்புதான் காரணம் என்று முடித்துவிடலாமா? அவர் முடிக்கவில்லை. உணர்கொம்பை வெட்டாமல் அடையாளம் மட்டும் வைத்து விட்ட பூச்சிகளும் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. இந்தப் பூச்சிகளுக்குச் சாப்பிடவே வாயுறுப்பு கிடையாது. இரண்டு மூன்று நாளில் ஆயுள் முடிந்துவிடும். எனவே வராததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சோதனையை ஒதுக்கினார்.

அடுத்து பெண் பூச்சியைக் காற்றுப் புகாத தகர டப்பா, மரப்பெட்டி, கண்ணாடிப் பாத்திரம் ஆகியவற்றில் அடைத்தார். ஒரு ஆண்கூட வரவில்லை. லேசாக இடைவெளி இருந்தால் போதும், அலமாரிக்குள் மறைத்து வைத்தாலும் வந்துவிட்டன. எனவே பார்வை இல்லை. ஏதோ ஒன்று காற்றில் கசிகிறது.

அந்துருண்டை ஏன் தோற்றது?

வாசனைதான் என்றால், பலமான வேறு வாசனை அதை அமுக்கிவிடும் அல்லவா? கூண்டைச் சுற்றி அந்துருண்டை செய்யும் நாப்தலீனை வைத்தார். அறையே நாறியது. ஆண் பூச்சிகள் எதுவும் நடக்காதது போல நேராகக் கூண்டுக்கு வந்தன.

ஃபேபர் குழம்பிப்போனார். வாசனை என்ற விடையையே சந்தேகித்தார். இங்கேதான் சறுக்கல். பலமான நாற்றம் இன்னொன்றை மறைத்துவிடும் என்பது மனித மூக்கின் அனுபவம். ஆண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பில் பெண்ணின் வாசனைக்கென்றே தனி ஏற்பிகள் இருக்கின்றன. அறை முழுக்க அந்துருண்டை வாடை அடித்தாலும் அந்தத் தனி வழியில் செய்தி வந்துகொண்டே இருக்கும். இது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

காலிக் கூண்டு சொன்ன பதில்

விடை வேறொரு பூச்சியிடமிருந்து வந்தது. காய்கறி கொண்டுவரும் ஒரு சின்னப் பையன் கொடுத்த கூட்டிலிருந்து, ஓக் மரத்தில் வாழும் ஒரு வகைப் பெண் அந்துப்பூச்சி வெளிவந்தது. 20 வருடமாக அவர் தோட்டத்தில் கண்ணிலேயே படாத இனம். இது பகலில் பறக்கும் என்பதால் கவனிப்பது சுலபம். மூன்றாம் நாள் சுமார் 60 ஆண்கள் வந்தன. ஆனால் தவறுதலாக அதே கூண்டில் ஒரு கும்பிடுபூச்சியும் இருந்தது. பெண் பூச்சியை அது தின்றுவிட்டது! அடுத்த பூச்சி கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தார்.

இந்த முறையும் லாவண்டர் தைலம், மண்ணெண்ணெய், அழுகிய முட்டை நாற்றம் தரும் ரசாயனம் என எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். ஆண்கள் வழி தவறவில்லை. பிறகுதான் அந்த எளிய சோதனை.

பெண் பூச்சியை ஜன்னல் பக்கத்தில், காற்றுப் புகாத கண்ணாடி மூடிக்குள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். அது முந்தின இரவு உட்கார்ந்திருந்த கம்பிக் கூண்டையும் மணல் தட்டையும் அறையின் இருட்டு மூலையில் தரையில் வைத்தார். கூண்டு காலி.

ஆண்கள் ஜன்னல் வழியாக நுழைந்தன. கண்ணெதிரே இருக்கும் பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போய், காலிக் கூண்டின் மேல் சாயங்காலம்வரை தேடித் தவித்தன. பெண் உட்கார்ந்த ஓக் குச்சி, துணி, மணல் என எதை வைத்தாலும் அதைத் தேடிப் போயின.

பெண் பூச்சி ஏதோ ஒரு பொருளை வெளிவிடுகிறது. அது பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆண் தேடுவது அந்தப் பொருளை. 1900இல் வந்த ஏழாம் தொகுதியில் இதையெல்லாம் விரிவாக எழுதினார்.

ஆனாலும் ஒரு தயக்கம். இத்தனை கொஞ்சமான பொருள், இவ்வளவு தூரத்துக்குக் காற்றில் எப்படிப் பரவ முடியும்? ஒரு துளிச் சாயத்தை வைத்து ஏரியையே சிவப்பாக்க முடியுமா என்பது போன்ற கேள்வி. எனவே வாசனையோடு, கண்ணுக்குத் தெரியாத அலைகள் மாதிரி ஏதாவது இருக்குமோ என்றும் யோசித்தார். எக்ஸ் கதிர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த காலம். அப்படி யோசித்ததில் ஆச்சரியமில்லை.

ஐந்து லட்சம் பூச்சிகளும் ஒரு மூலக்கூறும்

கடைசிக் காலத்தில்தான் உலகம் ஃபேபரைக் கொண்டாடியது. 1910இல் செரினியனில் பெரிய விழா எடுத்தார்கள். 1913இல் பிரான்ஸ் ஜனாதிபதியே வீடு தேடி வந்தார். 1915 அக்டோபர் 11இல், 91 வயதில் ஃபேபர் இறந்தார். ஆர்மாஸ் இன்று அருங்காட்சியகம்.

அவருடைய கேள்விக்கு முழு விடை 1959இல் வந்தது. ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனாண்டின் குழு, சுமார் 20 வருடம் உழைத்து, 5 லட்சம் பெண் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தது. அதற்கு பாம்பிகால் என்று பெயர். பாஸ்டருக்கு ஃபேபர் காட்டிய அதே பட்டுப்பூச்சி! பெரோமோன் என்ற சொல்லும் அதே வருடம் பிறந்ததுதான். ஆணின் உணர்கொம்பு நரம்பைத் தூண்ட பாம்பிகாலின் ஒரே ஒரு மூலக்கூறு போதும் என்பது பின்னர் தெரியவந்தது. ஏரியைச் சிவப்பாக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு சொட்டையும் கண்டுபிடிக்கும் கருவி பூச்சியிடம் இருந்தது.

வயலில் என்ன பயன்?

மூலக்கூறு தெரிந்தால் அதைத் தொழிற்சாலையில் செய்யலாம். செய்ததை மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, கண்காணிப்பு. பொறியில் எத்தனை பூச்சி விழுகிறது என்று எண்ணினால், மருந்து அடிக்க வேண்டுமா, எப்போது அடிக்க வேண்டும் என்று தெரியும். சும்மா காலண்டர் பார்த்து அடிக்கும் செலவும் விஷமும் குறையும்.

இரண்டு, கூட்டமாகப் பிடிப்பது. நம் ஊர் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் வாளிப் பொறி வைப்பது இந்த வகை. இவற்றில் வாசனையை வெளிவிடுவது ஆண் வண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்தே வரும்.

மூன்று, குழப்புவது. வயல் முழுக்க பெண்ணின் வாசனையைப் பரப்பிவிட்டால், நிஜப் பெண் எங்கே இருக்கிறது என்று ஆணுக்குத் தெரியாது. இணை சேராவிட்டால் முட்டை இல்லை, புழு இல்லை. பருத்தியைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை அமெரிக்கா தன் பருத்தி நிலங்களிலிருந்து ஒழித்துவிட்டதாக 2018இல் அறிவித்தது. மரபணு மாற்றப் பருத்தி, மலடாக்கிய பூச்சிகளை விடுவது ஆகியவற்றோடு இந்த முறையும் அதில் பங்கு வகித்தது.

குறையும் உண்டு. அந்துப்பூச்சிப் பொறியில் பெரும்பாலும் ஆண்கள்தான் விழும். தப்பித்த ஓர் ஆண் பல பெண்களோடு சேர முடியும். பூச்சி பெருகிய பிறகு பொறியை மட்டும் நம்பினால் பயிர் தப்பாது.

காட்டில் என்ன பயன்?

கொல்வதற்கு உதவும் இதே வழி, காப்பாற்றவும் உதவுகிறது. ஐரோப்பாவில் வயதான மரங்களின் பொந்துகளில் வாழும் துறவி வண்டு அழிந்துகொண்டிருக்கிறது. பொந்துக்குள்ளேயே கிடப்பதால் எந்த மரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சிரமம். ஆண் வண்டு பீச் பழ வாசனை வீசும். அந்த வாசனைப் பொருளைப் பொறியில் வைத்து, வரும் வண்டுகளை எண்ணிவிட்டு விட்டுவிடுகிறார்கள். எந்த மரங்களை வெட்டக்கூடாது என்று சொல்ல அந்தக் கணக்கு உதவுகிறது.

போட்ஸ்வானாவில் ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் சரணாலயத்தைத் தாண்டிப் பண்ணைகளுக்குப் போனால் சுட்டுக் கொல்லப்படும் ஆபத்து உண்டு. அவற்றைத் தடுக்க, வேறு கூட்டத்தின் சிறுநீர் அடையாளங்களை எல்லையில் வைத்துப் பார்க்கும் முயற்சி நடந்திருக்கிறது. வேலிக்குப் பதில் வாசனை.

1996இல் இன்னொரு ஆச்சரியம். இணை சேரத் தயாரான ஆசியப் பெண் யானையின் சிறுநீரில் உள்ள ஒரு பெரோமோன், நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் அதே மூலக்கூறு என்று தெரியவந்தது.

இவை எதுவும் ஃபேபருக்குத் தெரியாது. சாயத் தொழிலில் அவரைத் தோற்கடித்த செயற்கை வேதியியல்தான், அவர் கூண்டில் ஒட்டியிருந்த பொருள் எப்படிப்பட்டது என்று உலகுக்குச் சொன்னது. ஆனால் அந்த வேதியியலுக்கு எங்கே தேட வேண்டும் என்று ஒரு தடயம் தேவைப்பட்டது. தன் மூக்குக்கு எதுவும் எட்டாதபோதும், பூச்சி எங்கே போகிறது என்பதை மட்டும் விடாமல் பார்த்த மனிதர் அந்தத் தடயத்தை விட்டுச் சென்றிருந்தார்.